மூன்று துறை, ஒரு நாற்காலி: துறையிடை மாணவி ஒருவரின் 180 மணி நேரப் பயிற்சி

இந்த நிகழ்வு ஆய்வு இளங்கலை இறுதியாண்டு மாணவி ஒருவரைப் பற்றியது. புள்ளியியல், சமூகவியல், காட்சித் தொடர்பியல் மூன்றையும் இணைத்துப் படிக்கும் துறையிடைப் பட்டப்படிப்பு அவருடையது. பட்டம் வாங்க வேண்டுமானால் 180 மணி நேர உள்ளிருப்புப் பயிற்சியை, அதாவது இன்டர்ன்ஷிப்பை, முடித்தாக வேண்டும். அதற்கு 6 கிரெடிட். கல்லூரியின் சார்பில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தது நான். மாணவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரையோ அவர் பயிற்சி பெற்ற மருத்துவமனையையோ அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை.

இன்டர்ன்ஷிப்பில் எப்படி நடந்துகொள்வது, எப்படி நல்ல பெயர் எடுப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே துறையை ஆழமாகப் படித்தவரை நினைத்துச் சொல்லப்படுபவை. துறையிடை மாணவர் தடுமாறும் இடம் வேறு. தேடி அலைந்தால் பயிற்சி இடம் எப்படியும் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அங்கே யாருக்கும் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்

பயிற்சிக்கான விண்ணப்பப் படிவத்தில் ‘துறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு சொல் எழுதத்தான் அதில் இடம். மாணவி மூன்று பாடங்களையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ‘ஏதாவது ஒன்று’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தத் தாளை இன்றும் என் மேசை அறையில் வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தின் மேல் குறை சொல்ல முடியாது. மாணவர் தம் துறை சார்ந்த நிறுவனத்தில், துறைத்தலைவரின் ஒப்புதலோடு பயிற்சி பெற வேண்டும் என்பதுதான் விதி. எந்தத் துறைத்தலைவர் என்று கேட்டுக்கொண்டு மாணவி மூன்று மாடிகள் ஏறி இறங்கினார். தரவைக் கையாளும் வேலையாக இருந்தால் கையெழுத்துப் போடலாம் என்றார் புள்ளியியல் தலைவர். களப்பணி இல்லாவிட்டால் ஏற்க இயலாது என்றது சமூகவியல். முடிவில் ஒரு படைப்புத் தொகுப்பு கைக்கு வர வேண்டும் என்றது காட்சித் தொடர்பியல். மூவரும் மாணவியின் நன்மையை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் மூவர் சொன்னதையும் கூட்டிப் பார்த்தால் மூன்று தனித்தனிப் பயிற்சிகள் வருகின்றன. 180ஐ மூன்றாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 60 மணி நேரம். ஓர் அலுவலகத்தில் புழங்கும் சுருக்கெழுத்துகள் பிடிபடவே அந்த 60 மணி நேரம் போய்விடும்.

இப்படியொரு விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது பிறந்தபோது அதில் நியாயம் இருந்தது புரியும். படிப்பையும் வேலையையும் முறையாகப் பிணைத்த முன்னோடித் திட்டம் 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே பொறியியல் கற்பித்த ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களை வைத்து அதை நடத்திக் காட்டினார். மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்தார். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவர் தொழிற்கூடத்தில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். பொறியியல் படிப்பவருக்குத் தொழிற்கூடம் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. 1921இல் ஆர்தர் மார்கன் இதே முறையைத் தாம் தலைவராக இருந்த அன்டியாக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அது தொழிற்கல்லூரி அல்ல. இன்ன தொழில் என்று சுட்டிக்காட்ட முடியாத மாணவரும் வேலைக்குப் போய்க் கற்கலாம் என்பதை அந்தக் கல்லூரி அப்போதே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு நூறாண்டு போய்விட்டது. எங்கள் படிவத்தின் கட்டம் மட்டும் 1906இலேயே நின்றிருந்தது.

இதிலேயே மூன்று வாரம் கரைந்தது. ஒரு தலைவர் கையெழுத்துப் போடுவது, மற்ற இருவருக்கும் நகல் அனுப்புவது என்ற ஏற்பாட்டில் படிவம் ஒருவழியாக நகர்ந்தது.

பதில் வராத கடிதங்கள்

மாணவி முதலில் 11 இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டு இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. இரண்டும் மறுப்பு. தன்விவரக் குறிப்பை எடுத்து வரச்சொல்லிப் பார்த்தேன். முதல் வரியே ‘புள்ளியியல், சமூகவியல், காட்சித் தொடர்பியல் ஆகியவற்றில் பரந்த அறிவு’ என்று தொடங்கியது. நமக்கு அது பெருமையான வரி. ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பங்களைப் புரட்டுபவருக்கோ, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்றுதான் அது படும். டேட்டா வேலைக்கு ஆள் தேடுபவர் புள்ளியியல் மட்டும் படித்தவரை எடுத்துக்கொள்வார். வடிவமைப்புக்கு ஆள் தேடுபவர் அதை மட்டும் படித்தவரிடம் போவார்.

அந்த வரியை அடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் அவர் செய்திருந்த ஒரு வகுப்புப் பணியை எடுத்தோம். கல்லூரி நூலகத்தின் மேல்தளத்தில் மாலை நேரத்தில் இருக்கைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பது கேள்வி. இரண்டு வாரம் தலை எண்ணினார். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசினார். மேலே இருக்கை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. படிக்கட்டு அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. வாசலில் வைக்க ஒரு வழிகாட்டிப் பலகை வரைந்து கொடுத்தார். எண்ணியது, கேட்டது, மாற்றியது என்று இந்தக் கதையை நான்கே வரிகளில் எழுதி, பாடங்களின் பெயர்களைக் கீழே தள்ளினோம். இந்த முறை ஐந்து இடங்களுக்குப் போனது. மூன்று இடங்களிலிருந்து அழைத்தார்கள். அதில் ஒன்று ஒரு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவு, பேச்சு வழக்கில் பிசியோதெரபி. நோயாளர்கள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்ற கவலை அங்கே நெடுநாளாக இருந்தது.

துறையிடை மாணவர் யார் இதைப் படித்தாலும் ஒன்று சொல்வேன். பாடப்பெயர்கள் உங்களுக்காகப் பேசமாட்டா. நீங்கள் ஏற்கெனவே அவிழ்த்த ஒரு முடிச்சு, அது எவ்வளவு சின்னதானாலும், பேசும்.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்

பயிற்சி தொடங்கும் முன் மாணவர், நிறுவனம், கல்லூரி மூவரும் ஒரு கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி இருந்தது: ‘மாணவி தரவுப் பணிகளில் உதவுவார். விழிப்புணர்வுப் பொருள்களின் வடிவமைப்பில் பங்கேற்பார். நோயாளர் சேவை குறித்து அறிந்துகொள்வார்.’

மூன்று வாக்கியங்கள், துறைக்கு ஒன்று. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. எங்களை விட்டுவிட்டீர்களே என்று ஒரு துறையும் கேட்கமுடியாது. இன்று படித்தால், அதில் ஒரு கேள்வியும் இல்லை என்பது முகத்தில் அறைகிறது. உதவுவார், பங்கேற்பார், அறிந்துகொள்வார் என்ற வினைச்சொற்களில் எதை வைத்தும், மாணவி வேலையை முடித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது. மூன்று வாக்கியங்களுக்கும் இடையே ஒரு நூலும் ஓடவில்லை. இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் ஐந்து நிமிடத்தில் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நடந்ததில் பாதிக்கு அந்த ஐந்து நிமிடம்தான் காரணம்.

நான்கு வாரத் தட்டச்சு

வாரம் 15 மணி நேரம், 12 வாரம் என்பது ஏற்பாடு. சேர்ந்த அன்றே பழைய வருகைப் பதிவேடுகள் சிலவற்றைக் கொடுத்து, ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றச் சொன்னார்கள். கணினி தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார், நெடுநாளாகக் கிடக்கும் வேலை முடியட்டும் என்ற எண்ணம். அதில் தப்பெண்ணம் ஒன்றும் இல்லை.

மாணவியின் வாரக் குறிப்பேட்டைப் பார்த்தாலே நடந்தது விளங்கிவிடும். முதல் வாரம் இரண்டு பக்கம்: அந்தப் பிரிவு எப்படி இயங்குகிறது, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், காத்திருக்கும் இடத்தில் எந்த நேரத்தில் நெரிசல் என்றெல்லாம் எழுதியிருந்தார். இரண்டாம் வாரம் முக்கால் பக்கம். மூன்றாம் வாரம் ‘இன்றும் பதிவேடு. 214 முதல் 290 வரை’ என்று தேதிக்கு ஒரு வரி. நான்காம் வாரத்தில் எண்கள் மட்டும்தான் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். “மேடம், மிச்சம் இருக்கற 120 மணி நேரத்தையும் இப்படியே ஓட்டிடவா? கையெழுத்து கிடைச்சிடும்ல?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ரொம்ப அமைதியாக, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தட்டச்சு வேலை கீழான வேலை என்று நான் நினைக்கவில்லை. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவின் வாய், கோலா இனத் தையல்காரர்களிடம் பயிலும் இளைஞர்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று உடையின் கடைசிக் கட்டத்தில்தான் தொடங்குகிறார். பிறகு துண்டுகளை இணைத்துத் தைக்கிறார். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகு. தைக்கும் வரிசைக்கு நேர் எதிர்வரிசையில் கற்கிறார். 1991இல் லேவும் எட்டியன் வெங்கரும் இதைப் போன்ற சான்றுகளை வைத்து, ஓரத்திலிருந்து உள்ளே நகர்வதுதான் தொழில் கற்கும் வழி என்று விளக்கினார்கள். ஆனால் பொத்தான் தைக்கும் இளைஞரின் மடியில் முழு உடையும் கிடக்கிறது. எந்தத் துண்டு எங்கே சேர்கிறது என்பதை அவர் கைகளே பார்த்துக்கொள்கின்றன. எங்கள் மாணவிக்குப் பதிவேடு மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த எண்களை யார் எடுத்து என்ன முடிவு செய்கிறார்கள் என்று ஒருவரும் அவருக்குக் காட்டவில்லை. ஓரத்தில் உட்கார வைத்தது தப்பில்லை, உள்ளே போகும் வழியை அடைத்து வைத்ததுதான் தப்பு.

இன்னொன்று ஊதியம். இந்தப் பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. மாணவி மாலையில் பகுதிநேர வேலை பார்த்துத்தான் போக்குவரத்துச் செலவைச் சமாளித்தார். கட்டாயப் பயிற்சி என்று விதி போடும்போது, ஊதியமில்லாமல் 180 மணி நேரம் கொடுக்க யாரால் முடியும் என்பதையும் சேர்த்தேதான் கல்லூரி முடிவு செய்கிறது. அமெரிக்காவில் ஊதியமில்லாப் பயிற்சி குறித்த வழக்கொன்றில் 2015இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்று பார்க்கச் சொன்னது. அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் 2018இல் அதே அளவுகோலுக்கு மாறியது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தினாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வழிகாட்டியும் நான்காவது வாரத்தில் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. எங்கள் விஷயத்தில் அந்த 60 மணி நேரத்துக்கான விடை தெளிவாகவே இருந்தது. பயன் பெற்றது மாணவி அல்ல.

அடுத்த செவ்வாயன்று மருத்துவமனைக்குப் போனேன். பிரிவுப் பொறுப்பாளர், மாணவி, நான் மூவரும் நாற்பது நிமிடம் பேசினோம். குற்றம் சாட்டும் பேச்சு வேண்டாம் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். “உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ற கேள்வி எது சார்?” என்று மட்டும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “மூணாவது தடவைக்கு அப்புறம் ஏன் வரமாட்டேங்கறாங்கன்னுதான் மேடம். மூணு தடவை வந்தா வலி கொஞ்சம் குறையும். தோள் முழுசா தூக்கணும்னா பத்துப் பன்னிரண்டு தடவையாவது வரணும். அதுக்குள்ள நின்னுடறாங்க.”

மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு வாரமாக அவர் ஏற்றிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விக்கான தரவைத்தான். அது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒப்பந்தத்தை அங்கேயே திருத்தி எழுதினோம். ‘மூன்றாம் அமர்வுக்குப் பிறகு நோயாளர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு, பிரிவின் கையில் இருக்கும் தரவு, பதிவு கவுண்டரின் நடைமுறை, நோயாளர் கைக்குப் போகும் தாள்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு விளக்கம் தருவார். அந்த விளக்கத்திலிருந்து பிறக்கும் ஒரு மாற்றத்தையாவது சோதித்துப் பார்ப்பார்.’ எந்தத் துறையின் பெயரும் இதில் இல்லை.

ஒரே எண், நான்கு பெயர்கள்

தட்டச்சு வீணாகவில்லை என்பது ஐந்தாம் வாரத்தில் தெரிந்தது. மூன்றாம் வாரத்திலேயே மாணவி ஒன்றைக் கவனித்து ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். நான்கு வெவ்வேறு பெயர்களுக்கு நேரே ஒரே தொலைபேசி எண். முதலில் தன் தட்டச்சுப் பிழை என்று நினைத்தார். பதிவேட்டைத் திரும்பப் பார்த்தார். அதிலும் அப்படியே இருந்தது. கவுண்டரில் இருக்கும் அம்மாவிடம் போய், “அக்கா, இவங்க நாலு பேரும் ஒரே வீடா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அது வண்டி ஓட்டறவர் நம்பர். அவர்தான் நாலு பேரையும் ஏத்திட்டு வருவார். நம்பர் சொல்லுங்கன்னு கேப்பேன், பக்கத்துல நிக்கறவங்க சொல்லுவாங்க, எழுதிக்குவேன்.”

அடுத்த அமர்வை நினைவூட்டும் குறுஞ்செய்தி அத்தனையும் அந்த ஓட்டுநருக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்திலிருந்து மாணவி தேடியதை விரிவாகவே சொல்கிறேன். துறையிடைப் படிப்பு என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் எண்களுக்குள் போனார். தொலைபேசி எண் எழுதாமல் விடப்பட்ட வரிசைகளும் கணிசமாக இருந்தன. பிரிவின் மாத அறிக்கையைத் தயாரிக்கும்போது விவரம் முழுமையாக இல்லாத வரிசைகளை நீக்கிவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். பார்க்க ஒழுங்கான வேலை மாதிரிதான் தோன்றும். ஆனால் தரவு விடுபடுவதில் வகை உண்டு. 1976இல் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் இதை முறைப்படுத்திக் காட்டினார்: ஒரு விவரம் விடுபட்டதற்கான காரணமே நாம் அளக்க நினைக்கும் விஷயத்தோடு தொடர்புள்ளதாக இருந்தால், விடுபட்டவற்றை ஒதுக்கிவிட்டுப் போடும் கணக்கு கோணலாகிவிடும். இங்கே எண் இல்லாதவர் யார்? சொந்தமாகத் தொலைபேசி இல்லாதவர், துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வந்தவர். பாதியில் நின்றுபோக அதிக வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வருகை விகிதம் உண்மையைவிட நன்றாகத்தான் தெரியும்.

அடுத்து கவுண்டர் பக்கம் நின்றார். கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்த்தார். “நம்பர் சொல்லுங்க” என்பதில் யாருடைய எண் என்பது இல்லை. ஒரு வீட்டில் தொலைபேசி யார் கையில் இருக்கிறது, முதியவருக்காக யார் பேசுகிறார், யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார் என்பதெல்லாம் சமூகவியல் வகுப்பில் அவர் படித்தவை. கவுண்டரின் அந்தச் சின்னக் கேள்விக்குள் அத்தனையும் இருந்தன. கைத்தொலைபேசி இல்லாத மூதாட்டிக்கு அவர் மகனின் எண் பதிவாகிறது. மகன் வேலையில் இருக்கும்போது செய்தி வருகிறது. மாலையில் வீடு திரும்புவதற்குள் மறந்துபோகிறது.

மூன்றாவது அந்தச் சீட்டு. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் நோயாளர் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். மேலே நிறுவனத்தின் பெயர், பதிவு எண், பிரிவுக் குறியீடு, மூன்று வரி விதிமுறைகள். அடுத்த தேதி கடைசி வரியில், ஏற்கெனவே அச்சாகியிருக்கும் கோட்டின் மேல் பேனாவால் எழுதப்படும். மாணவி அந்தச் சீட்டை வெறுமனே பார்த்துவிட்டு விடவில்லை. நோயாளர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்குவதால் மறு கையால் சீட்டை இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்துச் சட்டைப்பையிலோ பணப்பையிலோ திணிக்கிறார்கள். இரண்டாவது மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுகிறது. நாலு நாளில் மை தேய்ந்து, 13ஆ 18ஆ என்று தெரியாமல் போகிறது. என்னிடம் காட்ட ஒரு வெற்றுச் சீட்டை அதேபோல மடித்துக் கொண்டுவந்திருந்தார். மடிப்பைப் பிரித்து என் மேசையில் வைத்து, விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

பதிவேட்டைக் கையால் ஏற்றாமல் இருந்திருந்தால் நான்கு பெயர்களுக்கு ஒரே எண் என்பது கண்ணில் பட்டிருக்காது. கவுண்டரில் நிற்காமல் இருந்திருந்தால் அதை மாணவியும் பிழை என்று நீக்கியிருப்பார். சீட்டை மடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், செய்தி போய்ச் சேராதவருக்குக் கையிலிருந்த ஒரே நினைவூட்டலும் அழிந்துபோகிறது என்பது புலப்பட்டிருக்காது.

நோயாளர்களிடமே நேரில் பேச வேண்டும் என்று மாணவி மிகவும் விரும்பினார். நான் அனுமதிக்கவில்லை. சிகிச்சைக்கு வந்திருப்பவர்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுக்க வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மிச்சமிருந்த வாரங்களில் அது நடக்காது. ஒப்புதல் இல்லாமல் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல விவரம் கேட்பது முறையும் இல்லை. அதனால் ஊழியர்களிடம் மட்டும் பேசினார். காத்திருப்போர் பகுதியில், யாரையும் அடையாளம் குறிக்காமல், சீட்டு எப்படிக் கையாளப்படுகிறது என்பதை மட்டும் கவனித்தார். பெயரும் எண்ணும் உள்ள கோப்பு மருத்துவமனைக் கணினியை விட்டு வெளியே வரவில்லை. அவர் எனக்கு அனுப்பிய அறிக்கையில் மொத்தக் கணக்குகள் மட்டுமே இருந்தன. இந்தக் கட்டுப்பாட்டால் ஆய்வு மெலிந்தது உண்மை. வராமல் போனவர்கள் ஏன் வரவில்லை என்பதை அவர்கள் வாயால் நாங்கள் கேட்கவே இல்லை. இன்னொரு முறை நடத்தினாலும் இதே முடிவைத்தான் எடுப்பேன், ஆனால் ஒப்புதலுக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பிப்பேன்.

கடைசி மூன்று வாரம் ஒரு கவுண்டரில் மட்டும் சோதனை நடந்தது. அடுத்த தேதி சீட்டின் தலைப்பகுதிக்கு வந்தது, பெரிய எழுத்தில், கிழமையோடு. மடித்தாலும் மடிப்பு படாத இடம். கவுண்டரில் கேள்வி மாறியது: “அடுத்த தேதியை ஞாபகப்படுத்த யாரைக் கூப்பிடலாம்? அவங்க உங்களுக்கு என்ன உறவு?” ஸ்ப்ரெட்ஷீட்டில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘யாருடைய எண்’ என்று ஒரு நெடுவரிசை சேர்ந்தது. கேள்வியின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது கவுண்டரில் இருந்த அந்த அம்மாதான். மாணவி எழுதியிருந்த முதல் வாசகம் ரொம்பப் புத்தகத்தனமாக இருக்கிறது, நெரிசலில் வாயில் வராது என்று திருத்திவிட்டார்.

மூன்று மதிப்பீட்டாளர்கள்

பயிற்சி நல்லபடியாக முடிந்தும், மதிப்பெண் போடும் இடத்தில் பழைய கட்டம் திரும்ப வந்தது. மூன்று துறைகளிலிருந்தும் ஒவ்வொருவர் அறிக்கையைப் படித்தார்கள். வருகையை ஆராய்ந்ததில் நோயாளரின் காயத்தின் வகை கணக்கில் எடுக்கப்படவில்லை என்றார் புள்ளியியலாளர். கோட்பாட்டுப் பின்புலம் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை என்றார் சமூகவியலாளர். ஒரே ஒரு சீட்டைப் படைப்புத் தொகுப்பு என்று ஏற்பது கடினம் என்றார் மூன்றாமவர். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரியான குறைகள். மூன்றின்படியும் மதிப்பெண் குறைத்தால், மூவருமே நல்ல வேலை என்று வாயாரச் சொன்ன பயிற்சி சராசரிக்குக் கீழே போய்விடும்.

துறையிடைப் படிப்பு என்பதற்கு அத்துறை ஆய்வாளர்களான ஜூலி தாம்சன் கிளைனும் வில்லியம் நியூவெலும் 1997இல் கொடுத்த விளக்கம், ஒரு துறையால் மட்டும் போதுமான அளவு கையாள முடியாத அளவுக்கு விரிந்த அல்லது சிக்கலான கேள்விக்கு விடை தேடும் செயல் என்று போகிறது. அப்படியானால் மதிப்பீடும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாணவர்களின் துறையிடைப் பணியை எப்படி அளப்பது என்று கல்வி ஆய்வாளர்கள் வெரோனிகா பாய்க்ஸ் மான்சியாவும் எலிசபெத் துரைசிங்கும் 2007இல் எழுதியதில் மூன்று அளவுகோல்கள் உள்ளன: பயன்படுத்திய துறைகளில் கால் ஊன்றியிருக்கிறாரா, அவற்றை இணைத்ததால் புரிதல் முன்னேறியிருக்கிறதா, தன் வேலையின் எல்லைகளை அறிந்திருக்கிறாரா. இதை அச்செடுத்து மூவரிடமும் கொடுத்தேன். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே தாளில் மதிப்பெண் போடும்படி கேட்டுக்கொண்டேன்.

முதல் அளவுகோலில் மாணவிக்குக் குறைந்தது, அது நியாயமே. காயத்தின் வகையைக் கவனிக்காதது உண்மையான ஓட்டை. தோள்பட்டைக்கு வருபவரும் முதுகுவலிக்கு வருபவரும் ஒரே எண்ணிக்கையில் அமர்வுகளுக்கு வர வேண்டியவர்கள் அல்ல. மூன்று துறைகளைத் தொட்டுக்கொண்டேன் என்பது எந்தத் துறையிலும் மேம்போக்காக இருப்பதற்குச் சாக்காக முடியாது. இதை நான் மாணவியிடம் நேராகவே சொன்னேன். இரண்டாம் அளவுகோலில் மூவருமே தாராளமாகக் கொடுத்தார்கள். மூன்றாவதில், மாணவி தன் அறிக்கையின் கடைசிப் பகுதியில் அந்தப் புள்ளியியல் ஓட்டையைத் தானே எழுதியிருந்ததைப் புள்ளியியலாளரே எடுத்துக் காட்டினார்.

ஒரு கணக்கு விவரம்: ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எங்கள் 180 மணி நேரம், 6 கிரெடிட் என்பதும் அந்த அளவில்தான் அமைகிறது. ஆனால் குறிப்பேடு எழுதுவதும் அறிக்கை எழுதுவதும் அந்த 180க்குள் சேர்க்கப்படவில்லை. மாணவி அவற்றை இரவில் உட்கார்ந்து எழுதினார். அடுத்த ஆண்டிலிருந்து 20 மணி நேரம் எழுத்துக்கு என்று உள்ளேயே ஒதுக்கியிருக்கிறோம். படிவத்தில் ‘துறை’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘எந்தக் கேள்வி’ என்று நான்கு வரி இடம் விட்டிருக்கிறோம். வழிகாட்டி நேரில் போய்ப் பார்ப்பது எட்டாம் வாரத்தில் என்று இருந்ததை மூன்றாம் வாரத்துக்கு மாற்றியாயிற்று.

புதிய சீட்டால் வருகை கூடியதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எண் இல்லை. மூன்று வாரம், ஒரு கவுண்டர் என்பதில் பத்து அமர்வுகள் நீளும் சிகிச்சையைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. மாணவியும் தன் அறிக்கையில் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நாளன்று, தன் இடத்துக்கு அடுத்து வரும் பயிற்சியாளருக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதி அந்தக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தார். அதன் முதல் வரி: ‘பதிவேட்டை ஏற்றும்போது “யாருடைய எண்” என்ற நெடுவரிசை வெறுமையாக வந்தால் நீங்களே நிரப்பாதீர்கள், நீக்கவும் செய்யாதீர்கள். எழுந்துபோய் கவுண்டரில் இருக்கும் அக்காவிடம் கேளுங்கள்.’